ஈறில் கசியும் ரத்தத்தைப் பொருட்படுத்திச் சிகிச்சை தரும் பல் மருத்துவமனை

அம்மாவின் ஈறுகளில் நெடுநாளாக இருந்துவந்த ரத்தக் கசிவுக்காகக் கும்பகோணத்தில் உள்ள இந்தப் பல் மருத்துவமனைக்குச் சென்றோம். சிகிச்சை நன்றாக இருந்தது. ரத்தம் ஏன் கசிகிறது, அதை ஏன் தள்ளிப்போடக் கூடாது என்பதை நோயாளிக்குப் புரியும்படி எடுத்துச்சொன்ன பொறுமையை அதைவிடவும் பெரிதாக மதிக்கிறேன்.

அம்மாவுக்கு வெற்றிலைப் பழக்கம் உண்டு. துப்பும் நீர் சிவந்திருந்தால் வெற்றிலைச் சாறு என்று சொல்லிவிடுவார். மருத்துவர் வாயை நன்றாகக் கொப்பளிக்கச் செய்து, மில்லிமீட்டர் கோடுகள் உள்ள மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் இடையே மெதுவாக இறக்கினார். ஆரோக்கியமான ஈறில் 3 மி.மீ. வரைதான் இறங்கும், அம்மாவின் கீழ்க் கடைவாய்ப் பல்லில் 6 மி.மீ. இறங்கியது, கம்பியை எடுத்த சில நொடிகளில் அந்த இடத்தில் ரத்தம் துளியாகத் திரண்டது. கண்ணாடியைப் பிடித்துக் காட்டி, "இது வெற்றிலைச் சிவப்பு இல்லைம்மா, உங்க ரத்தம்" என்றார்.

இப்படி ஈறு பல்லைவிட்டு விலகி உண்டாகும் பள்ளங்களில் பிராணவாயு இல்லாமல் வாழ்வது போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ் என்னும் பாக்டீரியா. அது வளர இரும்பு வேண்டும். நம் உடலோ இரும்பை வெளியே சிதறவிடுவதில்லை. ரத்தத்தில் டிரான்ஸ்ஃபெரினும் எச்சிலில் லாக்டோஃபெரினும் அதைப் பற்றி வைத்திருக்கின்றன, பெரும்பகுதியோ சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினில் ஹீம் என்ற வடிவில் அடங்கியிருக்கிறது. வேறு பல பாக்டீரியாக்கள் சைடரோஃபோர் என்னும் சிறு மூலக்கூறுகளைச் சுரந்து இரும்பைக் கவரும். இதற்கு அந்த வழி இல்லாததால், பத்தாயத்தை உடைத்து நெல்லை அள்ளுவதுபோல, ஜிஞ்ஜிபெய்ன் என்ற நொதிகளால் ஹீமோகுளோபினையே சிதைத்து ஹீமை எடுத்துக்கொள்கிறது. அதே நொதிகள் ஈறின் திசுவையும், ரத்தம் உறையத் தேவையான ஃபைப்ரினோஜனையும் சிதைப்பதால் கசிவு நிற்காமல் தொடர்கிறது. கசிவு தொடரும்வரை அதற்கு இரும்பும் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. ரத்தம் கலந்த ஆய்வகத் தட்டில் இந்தப் பாக்டீரியா வளர்ந்திருந்த படம் ஒன்றை மருத்துவர் கைப்பேசியில் காட்டினார். ஹீம் மேற்பரப்பில் படிந்து, புள்ளிகள் எல்லாம் கன்னங்கரேலென்று இருந்தன. அம்மா அதை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரத்தசோகைக்காக அம்மா இரும்புச்சத்து மாத்திரை எடுத்துவருகிறார். "அப்போ நான் போடுற மாத்திரையும் அதுக்குத்தானா போகுது, டாக்டரம்மா?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை மருத்துவர் சிரித்துத் தள்ளிவிடவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்தது. கிருமிக்கு உணவாவது ஈறில் கசியும் ரத்தம்தான், அதை நிறுத்துவதே வழி, ரத்தசோகைக்கான மாத்திரையை எக்காரணம் கொண்டும் விட்டுவிடக் கூடாது என்று தெளிவாகச் சொன்னார்.

மரத்துப்போகும் ஊசி போட்டு, ஈறுக்கு மேலும் கீழும் படிந்திருந்த காரையையும் வேர்ப்பரப்பையும் பகுதி பகுதியாகச் சுத்தம் செய்தார்கள். சுத்தம் செய்தால் பல் ஆடும் என்று ஊரில் பலரும் அஞ்சுவதை அம்மாவும் கேட்டார். காரை பற்களை ஒட்டிப் பிடித்திருந்ததும் வீக்கம் இடைவெளிகளை மறைத்திருந்ததும்தான் அப்படித் தோன்றக் காரணம் என்று விளக்கினார்கள். மறுபரிசோதனையில் அந்த 6 மி.மீ. பள்ளம் 4 ஆகக் குறைந்திருந்தது. கம்பி தொட்டும் ரத்தம் வரவில்லை. வெற்றிலையும் பாக்கும் வாய்ப்புற்றுக்கு இட்டுச்செல்லக்கூடும் என்பதால் முற்றிலும் விடச் சொல்லியிருக்கிறார்கள்.

குறை ஒன்று உண்டு. வாயால் இவ்வளவு அழகாகத் தமிழில் விளக்குபவர்கள், வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் பராமரிப்புத் தாளை ஆங்கிலத்தில் மட்டுமே அச்சிட்டிருக்கிறார்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் முதியவர்களுக்கு அது பயன்படாது, தமிழில் உடனே அச்சிட வேண்டும். கட்டணத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். மாலையில் கூட்டம் அதிகம் என்பதால், வெளியூரிலிருந்து வருபவர்கள் காலையில் நேரம் கேட்டுப் பதிந்துகொள்வது நல்லது.