பொடியை விட்டுத் திரவத்துக்கு மாறினோம்: ப்ரொட்டினேஸ் கே

கடலூரில் ஒரு சின்ன பரிசோதனைக் கூடத்தில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். பரங்கிப்பேட்டைப் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து இறால் வரும், முதுநகர் துறைமுகத்திலிருந்து மீன் வரும். இறாலில் வெள்ளைப்புள்ளி வைரஸ் இருக்கிறதா என்று பிசிஆரில் (டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கிக் கண்டுபிடிக்கும் சோதனை) பார்ப்பதுதான் பெரும்பாலான வேலை. அதற்கு முன்னால் டிஎன்ஏவைப் பிரித்தெடுக்க வேண்டும். அங்கேதான் ப்ரொட்டினேஸ் கே என்ற நொதி வருகிறது. இத்தனை நாளும் பொடி வாங்கி நாங்களே கரைத்துக்கொண்டோம். ஆறு மாதமாக, மில்லிக்கு 20 மில்லிகிராம் என்று கரைத்தே வரும் திரவம்.

வீட்டில் இதற்கு என்ன வேலை என்று கேட்டால், ஆட்டுக்கறியில் பப்பாளிக்காய் போடுவீர்களே, அதே வேலைதான் என்று சொல்வேன். பப்பாளிப்பால் கறியின் புரதத்தை அறுப்பது போல இதுவும் அறுக்கும். ஒரு பூஞ்சையிலிருந்து எடுத்தது. முடியிலும் நகத்திலும் உள்ள கெரட்டினையே செரிப்பதால் பெயரில் அந்த ‘கே’. இதன் அருமை வேறு இடத்தில் இருக்கிறது. எஸ்டிஎஸ் போன்ற சோப்புச் சரக்கு கலந்த பஃபர் கரைசலில் பெரும்பாலான நொதிகள் குலைந்து போகும். இது மட்டும் 56 டிகிரியில் நின்று வேலை செய்யும். டிஎன்ஏவைத் துண்டாக்கும் நொதிகளும் புரதம்தானே, அவற்றையும் சேர்த்துத் தின்றுவிடும்.

போன மே மாதம் இரண்டு நாள் பிசிஆரில் ஒரு பேண்டும் (டிஎன்ஏ பெருகியதைக் காட்டும் கோடு) வரவில்லை. குளத்தை உடனே பிடித்துவிடலாமா, காத்திருக்கலாமா என்று ஒரு பண்ணைக்காரர் காலையும் மாலையும் போன் செய்தார். “என்னம்மா, ரிசல்ட் வந்துச்சா?” அந்தக் குரலை மறக்க முடியாது. அவருடைய ஒரு பருவத்து உழைப்பு எங்கள் டியூபில் கிடந்தது. பிரைமரா, மெஷினா என்று தேடிக் கடைசியில் பழைய ப்ரொட்டினேஸ் கே ஸ்டாக்கில் வந்து நின்றோம். வெறும் தண்ணீரில் கரைத்து ஃப்ரீசரில் வைத்தது. கரண்ட் போகும்போதெல்லாம் உருகி, வந்ததும் உறைந்து, நாங்களும் தினமும் எடுத்து எடுத்து வைத்ததில் பலம் போய்விட்டது. உருகிக் கிடக்கும் நேரத்தில் இந்த நொதி தன்னைத்தானே தின்னும்.

திரவத்தில் பாதி கிளிசரால் கலந்திருக்கிறது. மைனஸ் 20 டிகிரியிலும் உறையாது. எனவே உருக்கவும் வேண்டாம், சின்னச் சின்ன டியூபில் பிரித்து வைக்கவும் வேண்டாம். கரைக்கிற நேரம் மிச்சம் என்று நினைத்துத்தான் வாங்கினேன். உண்மையில் கைகொடுத்தது இந்தக் கிளிசரால்.

வந்ததும் ஒரு மடவை மீனின் துடுப்பை இரண்டாக வெட்டிச் சோதித்தேன். எத்தனாலில் கிடந்த துடுப்பு. எத்தனால் முழுதும் ஆவியாகும்வரை காயவைத்த பிறகுதான் பஃபரில் போட்டேன். 500 மைக்ரோலிட்டருக்கு 5 மைக்ரோலிட்டர் நொதி, 56 டிகிரி. புதியதில் இரண்டு மணி நேரத்தில் தெளிவாகிவிட்டது. பழைய ஸ்டாக் போட்ட டியூபில் மறுநாள் காலையிலும் நார் நாராக நின்றது. இறால் கால் போட்டால் ஒன்றைக் கவனியுங்கள்: சதை கரைந்தாலும் ஓடு கண்ணாடி மாதிரி மிதக்கும். அது கைட்டின், புரதமில்லை. புதிதாக வருகிற பிள்ளைகள் நொதி வேலை செய்யவில்லை என்று பயந்து இன்னும் ஊற்றுவார்கள்.

நேராக பிசிஆருக்குப் போகிறவர்கள் 95 டிகிரியில் பத்து நிமிடம் வைக்க மறக்கக் கூடாது. மிஞ்சிய நொதி, பிசிஆரில் டிஎன்ஏவைப் பெருக்கும் டாக் பாலிமரேஸ் நொதியையும் விட்டுவைக்காது.

ஆர்என்ஏ பிரித்தெடுக்கவும் பயன்படுத்தினேன். தசை மாதிரி நாராக இருக்கிற திசுவில் கட்டாயம் பலன் தெரிகிறது, கல்லீரலில் அவ்வளவு தேவைப்படவில்லை. செல்லை உடைக்கச் சேர்க்கும் குவானிடின் உப்பு அடர்த்தியாக இருந்தால் இதன் வேகம் குறையும். ஆகவே அரைத்த கரைசலில் சுத்தத் தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்து, 55 டிகிரியில் பத்து நிமிடம் வைக்கிறேன். ஆர்என்ஏ வேலைக்கு வாங்கினால் ஆர்என்ஏவைத் துண்டாக்கும் ஆர்என்ஏஸ் நொதி இல்லை என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்தே வாங்குங்கள்.

குறை இரண்டு. மில்லிகிராம் கணக்கில் பார்த்தால் பொடியைவிட விலை அதிகம். எங்களுக்கு வந்த பாட்டிலில் மில்லிகிராம் மட்டும்தான் போட்டிருந்தது, எத்தனை யூனிட் (நொதியின் வேலைத்திறன் அளவு) என்று இல்லை. கேட்ட பிறகுதான் தாள் அனுப்பினார்கள். நொதியில் எடையைவிட யூனிட்தான் பேசும், அதை முதலிலேயே போட வேண்டும்.

தினமும் நூறு மாதிரி ஓட்டுகிற, ஜெனரேட்டர் உள்ள கூடத்துக்குப் பொடியே போதும். டிரிஸ் பஃபரில் கொஞ்சம் கால்சியமும் பாதி கிளிசராலும் சேர்த்துக் கரைத்தால் இதே தரம் கிடைக்கும். எங்களுக்கு ஒரு மில்லி 200 மாதிரிக்கு வருகிறது. அடுத்த ஆர்டரும் திரவம்தான் எழுதியிருக்கிறேன்.