பெயர்ப் பலகையோடு கன்று விற்கும் கடை

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் உள்ள ஒரு மரக்கன்றுக் கடையில் போன கிழமை பாலையும் முதிரையும் வாங்கினேன். ஒவ்வொரு பையிலும் தமிழ்ப் பெயரோடு தாவரவியல் பெயரும் எழுதிக் குத்தியிருக்கிறார்கள், எனக்கு அதுதான் பெரிய விசயம். ஏனென்றால் 'பாலை' என்று மட்டும் கேட்டால் ஏழிலைப்பாலையைத் தந்துவிடலாம், அது அல்ஸ்டோனியா, வேறு குடும்பம். நாம் பழம் பொறுக்கித் தின்னும் வன்னிப் பாலை மனில்கரா ஹெக்ஸாண்ட்ரா. முதல் சொல் பேரினம், இரண்டாவது இனம்.

கடை ஐயா ஒரு முதிரை இலையைக் கசக்கி, "மணந்து பாருங்கோ தம்பி" என்றார். முதிரையும் தேசிக்காயும் விளாத்தியும் கறிவேப்பிலையும் ஒரே குடும்பம் என்று அவர் சொன்ன பிறகு இலையைப் பார்க்கும் கண்ணே மாறிவிட்டது. பாலையும் இலுப்பையும் சப்போட்டாவும் அப்படித்தான் ஒரு குடும்பம், கீறினால் பால் வரும்.

ஒரு குறை. வேம்புக்கு 'மெலியா அசாடிராக்டா' என்று எழுதியிருந்தது. அது 1753இல், செடிகளுக்கு இப்படி இருசொல் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய சுவீடன் அறிஞர் லின்னேயஸ் வைத்த பெயர். 1830இலேயே அசாடிராக்டா இண்டிகா ஆகிவிட்டது. சொன்னேன், ஐயா உடனே பேனை எடுத்துத் திருத்தினார்.

கன்றுகள் நல்ல திடம், வேர் பையைக் கிழித்து வரவில்லை. மாரி தொடங்கும் முன் போனால் வாகையும் மருதும் இருக்குமாம், அப்போது நானும் இன்னொருமுறை போவேன்.