பூல் உயிர்த்தெழுந்தார், ஃபிளாய்ட் எங்கே? பழைய கடையில் வாங்கிய நான்கு ஒடிசிகள்

ஆயுள் காப்புறுதியின் இழப்பீட்டுப் பிரிவில் வேலை பார்ப்பவனிடம் விஞ்ஞானப் புனைகதைத் தொடர் ஒன்றைக் கொடுத்தால், இறந்தவர் யார், எப்படி இறந்தார், கண்டவர் யார், உடல் கிடைத்ததா என்றுதான் கேட்பான். ஆர்தர் சி. கிளார்க்கின் ஒடிசி நூல்கள் நான்கையும் (2001, 2010, 2061, 3001 என்பவை அவற்றின் பெயர்கள்) நான் அப்படித்தான் வாசித்தேன். அந்த நான்கு நூல்களின் மதிப்புரை இது. அவற்றால் எங்கள் வீட்டில் மூண்டு இன்னும் ஓயாத சண்டையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

மருதானைப் பக்கம் டி.ஆர். விஜயவர்தன மாவத்தையில் வரிசையாக இருக்கும் பழைய புத்தகக் கடைகளில் ஒன்றில் வாங்கினேன். 2,400 ரூபாய் சொன்னவர், 3001இன் அட்டை கிழிந்திருப்பதைக் காட்டியதும் 1,900க்கு இறங்கினார். நான்கும் வெவ்வேறு பதிப்புகள். அலுமாரியில் அடுக்கினால் உயரம் ஒத்துப்போகாது. 2010இன் ஓரங்களில் இராமபாணப் பூச்சி வேலையைக் காட்டியிருக்கிறது, ஆனால் எழுத்தைத் தொடவில்லை. 2061இல் ஆசிரியர் குறிப்பு இருக்க வேண்டிய தாளை யாரோ சுத்தமாகக் கிழித்திருக்கிறார்கள். கடைக்காரர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்தத் தாள் எவ்வளவு முக்கியம் என்பது பிறகுதான் தெரிந்தது.

முதல் நூல் 1968இல் வந்தது. மற்ற மூன்றும் 1982, 1987, 1997 ஆகிய ஆண்டுகளில் வந்தவை. 1956இலிருந்து இலங்கையிலேயே வாழ்ந்து 2008இல் இங்கேயே இறந்தவர் கிளார்க். ஆகவே நான்கும் இங்கே குடியிருந்தவர் எழுதியவை. ஊர்ப் பாசத்துக்காக நான் மதிப்பெண் கூட்டப்போவதில்லை. அந்த வேலைக்கு என் மச்சான் இருக்கிறார். கிளார்க் எழுதினால் அது சரியாகத்தான் இருக்கும் என்பது பாடசாலைக் காலத்திலிருந்தே அவருடைய கட்சி. எதிர்க்கட்சி, மொறட்டுவையில் பொறியியல் படிக்கும் என் பெறாமகள். ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேசையில் பிளேன்டீயும் கடலை வடையும் வந்தவுடன் வழக்கு ஆரம்பமாகிவிடும்.

முதல் வழக்கு விண்வெளி வீரர் ஃபிராங்க் பூலுடையது. முதல் நூலில், கப்பலுக்கு வெளியே அன்டெனாவைப் பழுதுபார்க்கப் போனவரை, ஹால் என்ற கணினி அவருடைய கலத்தையே ஏவி மோதிக் கொல்கிறது. உடல் விண்வெளியில் போய்விடுகிறது. நான்காவது நூலில், ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு, நெப்டியூனுக்கு அப்பால் வால்வெள்ளி தேடித் திரியும் கப்பலொன்று அவரைக் கண்டெடுக்கிறது. மருத்துவர்கள் எழுப்புகிறார்கள். மனிதர் கண் விழித்துப் பேசுகிறார்.

பெறாமகள் கையோடு ஒரு கொப்பி கொண்டுவந்திருந்தாள். “சித்தப்பா, வொயேஜர் 1 விண்கலம் செக்கனுக்கு 17 கிலோமீற்றர் போகிறது. பூமிக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள தூரத்தைப் போல மூன்றரை மடங்கை ஒரு வருடத்தில் தாண்டிவிடும். பூலும் அந்த வேகத்தில் போயிருந்தால் ஆயிரம் வருடத்தில் 3,500 மடங்கு தாண்டியிருப்பார். நெப்டியூன் இருப்பதோ 30 மடங்கில். எங்கே போய்த் தேடினார்களாம்?”

“சூரியனைச் சுற்றும் நீள்வட்டப் பாதையில் மாட்டியிருப்பார்” என்றார் மச்சான்.

“சரி மாமா, மாட்டட்டும். கதிர்வீச்சை என்ன செய்வீர்கள்?” செவ்வாய்க்குப் போகும் வழியில் கியூரியோசிட்டி ஊர்தி அளந்த கணக்கை எடுத்தாள்: கலத்துக்குள்ளேயே நாளுக்கு ஏறத்தாழ 1.8 மில்லிசீவர்ட் (சீவர்ட் என்பது உடலில் படும் கதிர்வீச்சின் அலகு). ஆயிரம் ஆண்டுக்குப் பெருக்கினால் 600 சீவர்ட்டைத் தாண்டும். ஒரே நேரத்தில் நான்கைந்து சீவர்ட் பட்டாலே பாதிப்பேர் பிழைப்பதில்லை. உயிருள்ள உடலாவது சேதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்துகொள்ளும். உறைந்த உடல் வாங்கிச் சேர்த்துக்கொண்டே இருக்கும். இத்தனைக்கும் உறையும்போது உயிரணுக்களைப் பனிப்படிகங்கள் கிழிப்பதை அவள் கணக்கில் எடுக்கவே இல்லை.

மச்சான் ஒரு வடையை எடுத்துக்கொண்டார். நானும் அவருக்கு உதவிக்குப் போகவில்லை, ஏனென்றால் அறிவியலில் இந்தக் கோரிக்கை நிற்காது. ஆனாலும் நான் இதை ஏற்றுக்கொள்கிறேன், அதற்குக் காரணம் வேறு. திரும்பி வந்த பூலிடம் கிளார்க் முழு விலையையும் வசூலிக்கிறார். அவரை அறிந்தவர்கள் எவரும் உயிரோடு இல்லை. அந்தக் காலத்து மனிதர்களோடு பழக மூளையில் இணைக்கும் தொப்பியொன்றை அணிய வேண்டும். அதற்காகத் தலைமுடியை முழுக்க மழிக்க வேண்டும். விருந்தாளியைப் போலவும் அருங்காட்சியகப் பொருளைப் போலவும் நடத்தப்படுகிறார். முதல் நூலில் ஆளே தெரியாமல் வந்துபோன ஒருவர், இறந்த பிறகுதான் கதாபாத்திரமாகிறார். ஆள் இறந்ததற்கு அல்ல, காணவில்லை என்பதற்குச் சான்றிதழ் கொடுக்கும் சட்டம் 2016இல் வந்த நாடு இது. யாராவது திரும்பி வந்தால் அவருக்காக இங்கே யார் மிஞ்சியிருப்பார்கள் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றும் கேள்வி. பூலின் கதை அதற்குப் பதில் சொல்கிறது.

ஃபிளாய்டின் வழக்கு நேர்மாறானது. முதல் இரு நூல்களிலும் வந்த விண்வெளி விஞ்ஞானி ஹேவுட் ஃபிளாய்ட் 2061இல் 103 வயதோடு வருகிறார். மாடத்திலிருந்து விழுந்து அடிபட்டவர் விண்வெளி மருத்துவமனைக்குப் போகிறார். ஈர்ப்பு குறைந்த வாழ்க்கைக்கு உடல் பழகிப்போக அங்கேயே தங்கிவிடுகிறார். இடையில் நீண்ட உறக்கப் பயணங்கள் வேறு. பெறாமகள்கூட இதற்குத் தலையாட்டினாள். ஆனால் நூலின் முடிவில் ஃபிளாய்டுடைய மனத்தின் பிரதியொன்று, பூலின் சக வீரரான போமனோடும் ஹாலோடும், வேற்றுலகத்தவர் விட்டுச்சென்ற கரிய தூணுக்குள் சேர்கிறது. மூல ஃபிளாய்டோ எதுவும் தெரியாமல் கப்பலில் இருக்கிறார். எந்தக் கோவையில் போடுவது என்று தலையைச் சொறிந்துகொண்டு 3001ஐத் திறந்தால், தூணுக்குள் போமனும் ஹாலும் மட்டும் இருக்கிறார்கள். ஃபிளாய்டைப் பற்றிப் பேச்சே இல்லை. கணக்கில் ஓர் ஆள் குறைகிறது, யாரும் கேட்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் இதைச் செய்தவர் கணக்காய்வாளர் முன்னால் நிற்க வேண்டியிருக்கும்.

“அதற்குத்தானே குறிப்பு எழுதியிருக்கிறார்” என்று மச்சான் மேசையைத் தட்டினார். கிழிந்த தாள் அதுதான். பெறாமகள் தன் தொலைபேசியில் இருந்த பிரதியில் வாசித்துக் காட்டினாள். இந்த நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நேராகத் தொடர்பவை அல்ல, ஒரே கருவின் வெவ்வேறு வடிவங்கள், ஒரே பிரபஞ்சத்தில் நடக்க வேண்டிய கட்டாயமும் இல்லை என்பது அதன் சாரம். காப்புறுதிப் பத்திரத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிடும் நிபந்தனை எனக்குப் புதிதல்ல. முதல் நூலில் கப்பல் சனிக்கோளுக்குப் போகிறது. அதே கதையைச் சொல்லும் திரைப்படம் வியாழனுக்குப் போனது, இரண்டாவது நூலும் வியாழனையே பிடித்துக்கொண்டது. அதற்கு நியாயம் உண்டு: 1979இல் வொயேஜர்கள் அனுப்பிய வியாழனின் நிலாப் படங்களைப் பார்த்த பிறகு எந்த எழுத்தாளர் சும்மா இருப்பார்? அறிவு வளர்ந்ததால் கதை இடம் மாறுவதை ஏற்கலாம். ஃபிளாய்ட் காணாமல் போனதற்கு அப்படி எந்தக் கண்டுபிடிப்பும் காரணமில்லை, அவரை வசதிக்காகக் கழற்றிவிட்டார்கள்.

மூவரும் சண்டையின்றி ஒப்புக்கொண்ட மீள்வருகை ஒன்றே ஒன்று: 2010இல் ஹால். கொலை செய்த கணினியைத் திரும்ப இயக்குவதென்றால் சும்மாவா? கிளார்க் அவசரப்படவில்லை. ஹாலை உருவாக்கிய கலாநிதி சந்திரா பகுதி பகுதியாக எழுப்புகிறார், பேசவைக்கிறார், கெட்ட நினைவுகளை நீக்குகிறார். உண்மையை மறைக்கும்படி மனிதர்கள் இட்ட கட்டளையும் உண்மையே சொல்லும்படி அமைந்த இயல்பும் மோதியதுதான் கோளாறு என்று காரணமும் வருகிறது. அப்படியும் மற்றவர்கள் நம்பவில்லை. ஹாலின் மின்கம்பியை அறுக்கும் கருவியொன்றை ஒளித்துவைக்கிறார்கள். திரும்பி வந்தவரைப் பக்கத்தில் இருப்பவர்கள் சந்தேகிப்பதாக எழுதிவிட்டால், வாசகன் சந்தேகிக்க வேண்டிய வேலை பாதி குறைந்துவிடுகிறது. பூலை எழுப்பியவர்களிடம் எனக்கு இந்தச் சந்தேகம் போதவில்லை. அந்தச் சந்திராவின் முழுப்பெயர் சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை என்று வரும் இடத்தில் மச்சான் ஒவ்வொரு முறையும் சத்தமாக வாசிப்பார், நாங்களும் தடுப்பதில்லை.

3001இன் இறுதியில் மனிதர் செய்த கணினி வைரஸ் வேற்றுலகத் தூணைச் சாய்ப்பது பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. பெறாமகள் சிரித்த சிரிப்பே போதும்.

வாங்க நினைப்பவர்களுக்கு: 2001உம் 2010உம் பூச்சி அரித்த பிரதியாக இருந்தாலும் வாங்கலாம். 3001ஐப் பூலுக்காக வாசியுங்கள், ஆனால் 400 ரூபாய்க்கு மேல் கொடுக்காதீர்கள். மழைக்காலத்தில் அந்தப் புத்தகக் கடைகள் பக்கம் போனால் பொலித்தீனுக்கு அடியில் கைவிட்டுத் தேட வேண்டியிருக்கும். என் 2061 இனி எனக்கு வேண்டாம். வெள்ளவத்தைக்கு வந்து எடுத்துப்போகிறவருக்கு இலவசம், குறிப்புத் தாள் மட்டும் இல்லை.