சான் பிரான்சிஸ்கோ 2024: லண்டன் பிரீடா, டேனியல் லூரியா?

சான் பிரான்சிஸ்கோ மேயர் தேர்தலின் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது. இருந்திருந்தாலும் பெரிதாக உதவியிருக்காது. 2024 நவம்பர் 5 அன்று களத்தில் இருந்த 13 பேரில், கவனிக்கத்தக்க ஐந்து பேருமே ஜனநாயகக் கட்சிக்காரர்கள்தான். அதே நாள் அந்த நகரத்தில் பத்துக்கு எட்டு பேர் கமலா ஹாரிஸுக்கு ஓட்டுப் போட்டார்கள். அப்படியொரு ஊரில் மேயரை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? ஆளையும், அவர் செய்ததையும் வைத்துத்தான். இதில் பதவியில் இருப்பவருக்கு ஒரு சங்கடம் உண்டு. அவர் செய்தது எல்லோருக்கும் தெரியும், மற்றவர்கள் செய்யப்போவதோ சொல்லித்தான் தெரியும்.

அப்போது மேயராக இருந்த லண்டன் பிரீட், முந்தைய மேயர் எட் லீ காலமானபின் 2018 ஜூனில் நடந்த சிறப்புத் தேர்தலில் ஜெயித்து வந்தவர். 2019இல் மீண்டும் ஜெயித்தார். 2022இல் வாக்காளர்கள் மேயர் தேர்தலை அதிபர் தேர்தல் நடக்கும் வருடத்துக்கு மாற்றியதால் அவருக்குக் கூடுதலாக ஒரு வருடம் கிடைத்தது. ஆனால் அந்த மாற்றத்தையே அவர் எதிர்த்தவர். 2019இல் பாதிப் பேர்கூட வாக்களிக்கவில்லை, 2024இல் வாக்குப்பதிவு 80 சதவீதத்தை நெருங்கியது. நகர அரசியலைத் தினமும் கவனிக்காதவர்களும் இம்முறை பெருமளவில் வந்தார்கள் என்று அர்த்தம்.

பிரீட், நகரத்தின் பொதுக் குடியிருப்பில் பாட்டியிடம் வளர்ந்தவர். அவரை எதிர்த்து நின்ற டேனியல் லூரி, லீவை ஸ்ட்ராஸ் ஜீன்ஸ் குடும்பத்து வாரிசு. எந்தத் தேர்தல் பதவியையும் வகித்ததில்லை. சொந்தப் பணத்திலிருந்து 80 லட்சம் டாலருக்கு மேல் இறக்கினார். அவருடைய தாயார், அவரை ஆதரித்துத் தனியாகச் செலவழித்த குழு ஒன்றுக்கு 10 லட்சம் டாலர் கொடுத்தார். இது எனக்கு நெருடுகிறது, ஒரு நகரத்தின் மேயர் பதவிக்கு இவ்வளவு குடும்பப் பணம் ஆகாது. ஆனால் பிரீட் தரப்பும் உண்டியல் குலுக்கிப் பிரசாரம் செய்யவில்லை. அவரை ஆதரித்த குழுவுக்கு மைக்கேல் புளூம்பெர்க் 10 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்.

சரி, தெருவுக்கு வருவோம். இந்தத் தேர்தலைத் தீர்மானித்தது தெருதான். 2023இல் மட்டும் 800க்கும் மேற்பட்டவர்கள் போதை மருந்தின் அளவு மீறி இறந்தார்கள், பெரும்பாலும் ஃபெண்டனில் என்ற வீரியமான செயற்கைப் போதை மருந்தால். கோவிட்டுக்குப் பிறகு அலுவலக இடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலியாகக் கிடந்தது. பிரீட் கடைசி வருடத்தில் கடுமையான பாதைக்கு மாறினார். உதவித்தொகை பெறுபவர்களிடம் போதைப் பழக்கம் இருப்பதாகச் சந்தேகம் வந்தால் பரிசோதனையும் சிகிச்சையும் கட்டாயம் என்ற தீர்மானத்தை மார்ச் 2024இல் மக்கள் வாக்குக்குக் கொண்டுவந்து ஜெயித்தார். பொது இடத்தில் படுத்துறங்குவதை நகரங்கள் தண்டிக்கலாம் என்று ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் தெருக் கூடாரங்களை அகற்றும் வேலையை முடுக்கிவிட்டார். குற்ற எண்ணிக்கை அந்த வருடம் குறைந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் 'இதை ஏன் முன்பே செய்யவில்லை?' என்ற கேள்விக்கு அவரிடம் நல்ல பதில் இல்லை.

லூரி ஆறு மாதத்தில் 1,500 தங்குமிடப் படுக்கைகள் தருவதாக வாக்களித்தார். அவருக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. அவர் நிறுவிய டிப்பிங் பாயின்ட் என்ற அறக்கட்டளை, நீண்டகாலமாக வீடில்லாமல் இருப்பவர்களின் எண்ணிக்கையை ஐந்து வருடத்தில் பாதியாக்குவோம் என்று 2017இல் 10 கோடி டாலர் திட்டம் அறிவித்தது. அது நடக்கவில்லை. மறுபக்கம், அதே அறக்கட்டளையின் ஆதரவில் பிரையன்ட் தெருவில் 145 சிறு வீடுகள், அந்த ஊர் வழக்கத்தைவிடக் குறைந்த காலத்திலும் செலவிலும் எழுந்தன. படுக்கை வாக்குறுதியை மேயரான பிறகு 2025இல் கைவிட்டுவிட்டார்.

பிரீடுக்கு உண்மையான பலவீனம் நகர நிர்வாகத்தில் இருந்தது. பொதுப்பணித் துறை இயக்குநர் முகமது நூரு 2020இல் கைதாகி, பின்னர் ஏழு வருடச் சிறைத் தண்டனை பெற்றார். தேர்தலுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, மானியம் வழங்கியதில் சர்ச்சை எழுந்து நகர மனித உரிமை ஆணையத்தின் இயக்குநர் பதவி விலகினார். லூரியின் 'நான் உள்ளே இருந்தவன் இல்லை' என்ற ஒற்றை வரிக்கு இதைவிடப் பெரிய உதவி தேவைப்படவில்லை.

வீட்டு விஷயத்தில் பிரீட் தெளிவாக முன்னால் நின்றார். 2031க்குள் 82,000 வீடுகளுக்குத் திட்டமிட வேண்டும் என்று மாநில அரசு சொல்லியிருக்கிறது. தாழ்ந்த வீடுகளே நிறைந்த மேற்குப் பகுதியில் உயரக் கட்டிடங்களை அனுமதிக்க வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசியவர் அவர். இந்த ஊரில் அப்படிப் பேசுவது ஓட்டை இழக்கும் பேச்சு. லூரி பொதுவாகத் தலையசைத்தார், ஆனால் மேயரானதும் கிட்டத்தட்ட அதே பாதையில்தான், எங்கே எவ்வளவு உயரம் கட்டலாம் என்று வகுக்கும் தன் 'குடும்ப மண்டலத் திட்ட'த்தைக் கொண்டுபோனார்.

மற்ற மூவரில் இருவரைச் சுருக்கமாகச் சொல்லலாம். மார்க் ஃபாரெல் 2018இல் சில மாதம் இடைக்கால மேயராக இருந்தவர். மார்க்கெட் தெருவில் மீண்டும் கார்களை விடுவேன், காவல் தலைவரை மாற்றுவேன் என்றார். ஏரன் பெஸ்கின், நகரத்தின் சட்டங்களை இயற்றும் மேற்பார்வையாளர் அவைக்கு அப்போது தலைவராக இருந்தவர். வாடகைக் கட்டுப்பாட்டை விரிவாக்க விரும்பிய இடதுசாரி, உயரக் கட்டிடங்களுக்கு எதிரி.

எண்ணும் முறைதான் முடிவை விளங்க வைக்கிறது. வாக்காளர் ஒருவரை மட்டும் குறிப்பதில்லை, பத்துப் பேர் வரை வரிசைப்படுத்தலாம். கடைசியில் இருப்பவரை நீக்கி, அவர் ஓட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். முதல் விருப்பத்தில் லூரிக்கு 26, பிரீடுக்கு 24, பெஸ்கினுக்கு 23 சதவீதம், அதாவது மயிரிழை வித்தியாசம். ஃபாரெல் விழுந்ததும் அவர் ஓட்டில் பெரும்பகுதி லூரியிடம் போனது. 14 சுற்று முடிவில் 55க்கு 45 என்று லூரி ஜெயித்தார். பிரீடை முதலிடத்தில் வைக்காதவர்களில் பலர் அவரை இரண்டாம் இடத்திலும் வைக்கவில்லை. லூரியோ யாரையும் பெரிதாகப் பகைத்துக்கொள்ளாதவர். ஆட்சி செய்யாதவருக்கு அது சுலபம்.

எனக்கு அந்த ஊரில் ஓட்டு இருந்திருந்தால் முதலிடம் பிரீடுக்குத்தான், வீட்டுக் கொள்கைக்காக. இரண்டாவது லூரி, பிரையன்ட் தெருக் கட்டிடத்துக்காக. ஃபாரெலுக்கு மூன்றாமிடம். பெஸ்கினின் வாடகைக் கொள்கை பிடித்திருந்தாலும், வீடு கட்டவே தயங்கும் ஒருவரை வாடகை எகிறிக்கிடக்கும் ஊரில் ஃபாரெலுக்கு மேலே வைக்க மனம் வராது.