கடலோர நிறுவனத்துக்கு எந்த ஸ்டோரேஜ்? நாஸ், ஐ-ஸ்கசி, ஃபைபர் சேனல், கிளவுட்: ஓர் அலசல்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் இந்தக் கரையில் டேட்டா சேராத தொழில் இப்போது இல்லை. இறால் பதப்படுத்தும் கம்பெனியில் குளிர் அறையின் வெப்பநிலைப் பதிவு, ஏற்றுமதி ஆவணம், சிசிடிவி. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் படங்கள். கல்லூரியில் மாணவர் பதிவேடு. ஒரே ஒரு சர்வரில் நாலு டிஸ்க் போட்டு ஓட்டிய காலம் போய், நெட்வொர்க்கில் தனி ஸ்டோரேஜ் வைத்தே தீர வேண்டும் என்ற நிலைக்குப் பலரும் வந்துவிட்டார்கள். வாங்கப் போகும்போது "எது வேகம்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது வேறொன்று. ராத்திரி பதினொரு மணிக்கு டிஸ்க் ஒன்று போனால், மதுரையில் இருக்கிற ஆள் நெட்வொர்க் வழியாகவே எவ்வளவு வேலையை முடிக்க முடியும்? மிச்சத்தை அங்கே இருக்கும் எலக்ட்ரீஷியனோ கணக்குப் பிள்ளையோ செய்துவிட முடியுமா? இந்த அலசல் முழுக்க அந்தக் கணக்கில்தான் போகும்.

நாஸ் பெட்டியிலிருந்து தொடங்கலாம், அதாவது நெட்வொர்க்கில் மாட்டி எல்லோரும் பகிரும் டிஸ்க் பெட்டி. இது ஃபைலாகவே கொடுக்கும், ஃபைலாகவே வாங்கும். விண்டோஸ் மெஷின்களோடு எஸ்எம்பி, லினக்ஸோடு என்எஃப்எஸ் என்ற ஃபைல் பகிரும் முறையில் பேசும். பிரவுசரில் ஒரு பக்கம் திறந்தால் யாருக்கு எந்த ஃபோல்டர், எவ்வளவு இடம், யார் எதை அழித்தார்கள் என்பது வரை தெரிந்துவிடும். கணக்குப் பிரிவில் ஒருவர் போன மாத பில் ஃபோல்டரைத் தவறுதலாக அழித்துவிட்டால், நேற்றைய ஸ்னாப்ஷாட்டிலிருந்து (அந்த நேரத்தில் டேட்டா இருந்த நிலையின் பதிவு) அந்த ஃபோல்டரை மட்டும் எடுத்து வைத்துவிடலாம். பல பெட்டிகளில் அந்த ஊழியரே மவுஸில் வலது கிளிக் செய்து பழைய பதிப்பை எடுத்துக்கொள்ளவும் முடியும்.

டிஸ்க் மாற்றுவதும் இதில் எளிது. நான் வீட்டிலிருந்து விபிஎன் (இணையத்துக்குள் போடும் பூட்டிய தனிப் பாதை) வழியாக உள்ளே போய், கெட்டுப்போன டிஸ்க்கின் விளக்கை மட்டும் மின்னச் சொல்லிக் கட்டளை கொடுக்கிறேன். "அண்ணே, மேல இருந்து மூணாவதுல ஆரஞ்சு லைட் விட்டு விட்டு எரியுது" என்று அந்தப் பக்கம் தம்பி சொல்வான். அதை மட்டும் உருவி, புதியதைச் செருகினால் முடிந்தது. விளக்கை மின்னவிடாமல் "மூணாவது டிஸ்க்கை எடு" என்று வாயால் மட்டும் சொல்லக் கூடாது. அவன் கீழே இருந்து எண்ணி நல்ல டிஸ்க்கை உருவிவிட்டால், ரெய்டு 5-இல் (பல டிஸ்க்கைச் சேர்த்து, ஒன்று மட்டும் கெட்டால் டேட்டாவைக் காக்கும் முறை) அந்த நொடியே மொத்த வால்யூமும் விழுந்துவிடும்.

ரெய்டு பற்றி இங்கேயே ஒரு வார்த்தை. 16 டெராபைட் டிஸ்க் ஒன்றை நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் மறுபடி நிரப்ப, வேறு வேலையே இல்லாவிட்டாலும் 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பகல் வேலையும் சேர்ந்தால் இரண்டு மூன்று நாள் இழுக்கும். அந்த இடைவெளியில் இன்னொரு டிஸ்க் போனாலும் தாங்குவது ரெய்டு 6. பெரிய டிஸ்க் போடுகிறவர்கள் ரெய்டு 5 வேண்டாம். நாஸுக்கும், அடுத்து வரும் ஐ-ஸ்கசி, ஃபைபர் சேனலுக்கும் இது பொருந்தும்.

நாஸின் பெரிய ஆபத்து அதன் எளிமையில்தான் இருக்கிறது. பிரவுசரில் திறக்கிற பக்கத்தை ரவுட்டரில் போர்ட் திறந்து இணையத்துக்கே காட்டிவிடுகிறார்கள். முதலாளி வெளிநாட்டிலிருந்து பார்க்க வேண்டுமாம். 2022-இல் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் (டேட்டாவைப் பூட்டிப் பணம் கேட்கும் நச்சு மென்பொருள்) இப்படித் திறந்து கிடந்த பெட்டிகளைத் தேடித் தேடித்தான் பூட்டியது. அதற்கு முன்பு 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற இன்னொரு ரான்சம்வேர் பரவியது பழைய எஸ்எம்பி பதிப்பு 1-இன் ஓட்டை வழியாக. அந்தப் பதிப்பை அணைத்து வையுங்கள். நிர்வாகப் பக்கம் விபிஎன்னுக்குப் பின்னால் மட்டும் இருக்கட்டும். வெளிநாட்டில் இருக்கிற முதலாளிக்கும் விபிஎன் போட்டுக் கொடுக்கலாம், பத்து நிமிட வேலை.

அடுத்தது ஐ-ஸ்கசி. 2004-இல் தர வரையறையாக வந்தது. சாதாரண ஈதர்நெட் கேபிளிலேயே டிஸ்க்கோடு பேசும் ஸ்கசி கட்டளைகளை அனுப்பி, எங்கோ இருக்கும் டிஸ்க்கை சர்வரின் சொந்த டிஸ்க் போலக் காட்டும். டேட்டாபேஸ், விர்ச்சுவல் மெஷின் (ஒரே சர்வருக்குள் பல சர்வர் போல ஓடுவது) ஓட்டுகிறவர்களுக்கு இது நாஸைவிடப் பொருத்தம். ஆனால் நிர்வாகத்தில் கவனம் இரண்டு மடங்கு வேண்டும். ஸ்டோரேஜுக்கு வெறும் பிளாக்குகள்தான் தெரியும், உள்ளே என்ன ஃபைல் என்று தெரியாது. அதனால் ஒரே ஒரு ஃபைல் வேண்டுமென்றாலும் முழு ஸ்னாப்ஷாட்டையும் தனி டிஸ்க்காகத் திறந்து, சர்வரில் மாட்டி, அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். முறை வைத்துச் சேர்ந்து எழுதும் கிளஸ்டர் அமைப்பு இல்லாத இரண்டு சர்வருக்கு ஒரே டிஸ்க்கைக் கொடுத்துவிட்டால், இரண்டும் ஒன்றுக்கொன்று தெரியாமல் எழுதி டேட்டாவைக் குதறிவிடும். அனுமதிப் பட்டியலில் எந்த சர்வர் எந்த டிஸ்க்கைப் பார்க்கலாம் என்பதை நிதானமாகப் போட வேண்டிய இடம் அது.

இன்னொரு கண்ணி, தின் ப்ரொவிஷனிங். கையில் 20 டெராபைட் இருக்கும்போது சர்வர்களுக்கு மொத்தம் 40 டெராபைட் இருப்பதாகக் காட்டும் வசதி. சீட்டுப் பணத்தை எல்லோரும் ஒரே நாளில் கேட்டால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும் ஆகும்: பூல், அதாவது உண்மையில் இருக்கும் மொத்த இடம், நிரம்பிய கணம் எல்லா சர்வரும் எழுத முடியாமல் நிற்கும். 80 விழுக்காட்டில் ஒரு எச்சரிக்கை மெயில், 90-இல் கைப்பேசிக்கு ஒன்று என்று வைக்காமல் இதைத் தொடவே கூடாது. அப்புறம், ஐ-ஸ்கசிக்கு அலுவலக நெட்வொர்க்கோடு கலக்காத தனி விலேன் (அதே ஸ்விட்ச்சுக்குள் பிரித்து வைக்கும் நெட்வொர்க்) கொடுங்கள். இரண்டு ஸ்விட்ச், இரண்டு பாதை, இரண்டையும் சேர்த்து ஓட்டும் மல்டிபாத். ஒரு ஸ்விட்ச் போனாலும் வேலை ஓடும்.

ஸ்விட்ச் போவது இங்கே வெறும் பேச்சு இல்லை. கடலை ஒட்டிய ஒரு கம்பெனியில் ஸ்விட்ச்சைக் கழற்றிப் பார்த்தபோது, கேபிள் செருகாத போர்ட்டுகளின் பித்தளை நிறப் பின்களில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. கேபிள் செருகியிருந்த போர்ட்டுகள் ஓரளவு தப்பித்திருந்தன. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஜன்னலைத் திறந்து வைத்திருந்திருக்கிறார்கள். செருகாத போர்ட்டுக்கு மூடி, அறைக்கு மூடிய கதவு, ஓயாமல் ஓடும் ஏசி. ஸ்டோரேஜ் எதுவானாலும் இந்த மூன்றும் அதற்கு முன்பே வர வேண்டியவை. இந்தப் பெட்டிகளை அடுக்கும் ரேக்கைத் தரைத்தளத்தில் வைக்காதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பரில் ராமேசுவரத்திலும் பாம்பனிலும் கொட்டிய மழையைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

ஃபைபர் சேனலைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. நல்ல தொழில்நுட்பம். ஸ்டோரேஜுக்கென்றே ஓடும், பாக்கெட் தொலையாத, சீரான, தனி நெட்வொர்க். வங்கியின் டேட்டா சென்டருக்கு அதுதான் சரி. ஆனால் தனி ஸ்விட்ச், சர்வருக்குள் தனி கார்டு, எது எதோடு பேசலாம் என்று ஒவ்வொரு இணைப்புக்கும் போடும் சோனிங் என்று எல்லாமே தனி. அதைத் தெரிந்த ஆள் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பார். ஒரு கார்டு போனால் ராமநாதபுரம் கடைத்தெருவில் கிடைக்காது. ஈதர்நெட் ஸ்விட்ச் என்றால் மதுரையிலிருந்து பஸ்ஸில் போட்டுவிட்டால் அன்று சாயங்காலமே வந்துவிடும். இந்த ஒரே காரணத்துக்காகவே இந்தக் கரையில் நடுத்தர நிறுவனம் யாருக்கும் நான் அதைச் சொல்வதில்லை.

கிளவுடுக்கு வருவோம். 2006-இல் அமேசான் எஸ்3 தொடங்கியதிலிருந்து ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ், அதாவது ஒவ்வொரு ஃபைலையும் ஒரு பெயரோடு இணையம் வழியாகப் போட்டு எடுப்பது, பழகிப்போன விஷயம். மும்பையிலும் ஹைதராபாதிலும் அதற்கு மையங்கள் இருக்கின்றன, மைக்ரோசாஃப்ட்டின் அஷூருக்குச் சென்னையிலேயே இருக்கிறது. நிர்வாகம் என்று பார்த்தால் நான்கிலும் இதுதான் சுலபம். டிஸ்க் மாற்ற வேண்டாம், களிம்பு இல்லை. சிக்கல் எல்லாம் நடுவில் இருக்கும் கம்பியில். 100 எம்பிபிஎஸ் லைன் முழுசாகக் கிடைத்தாலும் ஒரு டெராபைட் போய்ச்சேர 22 மணி நேரம். பத்து டெராபைட்டைத் திரும்ப இறக்க வேண்டுமென்றால் ஒன்பது நாளுக்கு மேல். ஒன்பது நாள் பில் போடாமல் எந்தக் கம்பெனி இருக்கும்? இறக்கும்போது கிகாபைட் கணக்கில் தனிக் கட்டணமும் உண்டு. விலை குறைந்த ஆர்க்கைவ் வகையில் போட்டுவிட்டால், கேட்ட பிறகு டேட்டா தயாராகவே சில மணி நேரம் எடுக்கும், சில வகைகளில் அரை நாள் கூட.

அதனால் கிளவுடை முதன்மை ஸ்டோரேஜாக வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டாவது பிரதிக்கு அதைவிட நல்ல இடமும் இல்லை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி என்ற ஊரே போனது. ராமேசுவரத்தில் ஒரு பிரதி, மண்டபத்தில் ஒரு பிரதி என்று வைத்துக்கொள்வது போதாது. கரையை விட்டே தள்ளி ஒன்று இருக்க வேண்டும். அந்தப் பிரதியில் ஆப்ஜெக்ட் லாக் என்ற பூட்டை, அட்மினாலும் நீக்க முடியாத கம்ப்ளையன்ஸ் முறையில் போட்டுவிட்டால், குறித்த நாள் வரை யாராலும் அழிக்க முடியாது. அட்மின் பாஸ்வேர்ட் திருடு போனாலும் அந்தப் பிரதி நிற்கும்.

சரி, எதை வாங்கினாலும் கண்காணிப்பு எப்படி? ஒவ்வொரு பெட்டிக்கும் சொந்தக் கன்சோல் உண்டு. ஒன்றே ஒன்று என்றால் அது போதும். இரண்டு மூன்று கம்பெனிப் பெட்டிகள் கலந்திருந்தால், ஸாபிக்ஸ் போன்ற இலவச மென்பொருளில், கருவிகளின் நிலையைக் கேட்டறியும் எஸ்என்எம்பி வழியாக எல்லாவற்றையும் ஒரே திரைக்குக் கொண்டுவருவது நல்லது. எஸ்என்எம்பி பதிப்பு 3-ஐ மட்டும் பயன்படுத்துங்கள், பதிப்பு 2-இல் கடவுச்சொல் போல வேலை செய்யும் கம்யூனிட்டி சொல் மறைக்கப்படாமல் வெளிப்படையாகவே போகும். நிர்வாக போர்ட்டுக்குத் தனி விலேன், அதோடு சிம் போட்ட ஒரு 4ஜி ரவுட்டர். கேபிள் லைன் அறுந்த நேரத்தில்தான் நமக்கு உள்ளே போக வேண்டியிருக்கும்.

என் தீர்ப்பைக் கேட்டால்: ஃபைல்கள்தான் அதிகம், சர்வர் ஒன்றிரண்டு என்றால் நாஸ் போதும். விர்ச்சுவல் மெஷினும் டேட்டாபேஸும் ஓடுகிற ஆஸ்பத்திரி, பெரிய ஏற்றுமதிக் கம்பெனி என்றால், நாஸும் ஐ-ஸ்கசியும் ஒரே பெட்டியில் தரும் இரட்டை கன்ட்ரோலர் வகை (பெட்டியை இயக்கும் கன்ட்ரோலர் ஒன்று நின்றாலும் மற்றது ஓட்டும்). இரண்டுக்கும் பின்னால் கிளவுடில் பூட்டிய பிரதி. கொட்டேஷன் வாங்கும்போது விலையைப் பேசுவதற்கு முன் மூன்றை எழுத்தில் கேளுங்கள்: உதிரி டிஸ்க் எந்த ஊரிலிருந்து எத்தனை மணி நேரத்தில் வரும், மென்பொருள் அப்டேட் எத்தனை வருடம் கிடைக்கும், ஒரு கன்ட்ரோலரை நம் கண்முன்னே நிறுத்திக் காட்டுவார்களா. அதே மாடல் டிஸ்க் ஒன்றை முதல் நாளிலேயே கூடுதலாக வாங்கி, சிலிக்கா ஜெல் பையோடு உறையைப் பிரிக்காமல் பீரோவில் வைத்துவிடுங்கள்.