எலியின் பழம்பெயர்: தண்டையார்பேட்டையில் ஒரு சொல்வரலாற்று வகுப்பு

தண்டையார்பேட்டையில் ஒரு தனியார் படிப்பகம் ஞாயிறு மாலைகளில் நடத்தும் சொல்வரலாற்று வகுப்பை, மொழியில் ஆர்வமுள்ள எவருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஒலி ஒத்திருந்தாலே உறவு என்று முடிவுகட்டும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்க, உறவை நிறுவும் முறை எது என்பதை ஆசிரியர் ஒரே ஒரு சொல்லைக் கொண்டு பொறுமையாகக் காட்டுகிறார்.

அது, சமஸ்கிருதம், பாரசீகம், லத்தீன், ஆங்கிலம் முதலியவை அடங்கிய இந்தோ-ஐரோப்பிய மொழிக்குடும்பத்தில் எலியைக் குறிக்கும் சொல். சமஸ்கிருதத்திலும் பாரசீகத்திலும் மூஷ், லத்தீனிலும் பழைய ஆங்கிலத்திலும் மூஸ், ஜெர்மனில் மௌஸ் என்று கரும்பலகையில் எழுதிய பின், ஸகரம் ஏன் ஷகரமாயிற்று என்று கேட்கிறார். இகர உகரங்களை அடுத்த ஸகரம் சமஸ்கிருதத்தில் ஷகரமாகத் திரியும் என்பதற்கு, ஏழாம் வேற்றுமைப் பன்மையில் ஆகாரத்தை அடுத்து வரும் 'ஸேனாஸு' (படைகளில்) என்பது மாறாமல் நிற்க, இகரத்தை அடுத்து வரும் 'அக்னிஷு' (நெருப்புகளில்) மட்டும் திரிந்திருப்பதைச் சான்றாக வைக்கிறார். ஆங்கிலத்தில் மூஸ் மௌஸ் ஆனபோது, வீட்டைக் குறித்த ஹூஸ் என்பதும் ஹௌஸ் ஆனது. ஒரு சொல்லுக்குப் பொருந்தும் விதி மற்றச் சொற்களுக்கும் பொருந்தினால்தான் அது விதி என்பது அப்போது மனத்தில் பதிகிறது. எலிகள் கொறிப்பதுபோலக் கவலைகள் தன்னைத் தின்பதாக இந்திரனிடம் ஒரு கவிஞன் முறையிடும் ரிக்வேதப் பத்தாம் மண்டலப் பாடலையும் அவர் படித்துக் காட்டுகிறார். என்னை மிகவும் நெகிழ வைத்த பகுதி அதுதான்.

தசையைக் குறிக்கும் 'மஸில்' என்ற ஆங்கிலச் சொல், 'சிற்றெலி' எனப் பொருள்படும் லத்தீன் 'மஸ்குலுஸ்' என்பதிலிருந்து வந்தது. கிரேக்கத்திலோ ஒரே சொல் எலியையும் தசையையும் குறிக்கும். கையை மடக்கினால் தோலுக்கடியில் ஏதோ ஓடுவதுபோலத் தெரிவதே காரணம் என்பர். குத்துச்சண்டை பழகும் இளைஞர்கள் நிறைந்த வடசென்னையில் இதற்குத் தனி விளக்கம் தேவைப்படவில்லை.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். திருடுதலைக் குறிக்கும் 'முஷ்' என்ற வினையிலிருந்தே இப்பெயர் பிறந்தது, அதாவது எலி என்றால் திருடன் என்ற பழைய விளக்கத்தை, உறுதியான முடிவைப்போலக் கூறிவிட்டார். அறிஞரிடையே அது இன்னும் விவாதத்துக்குரியது. முறையை இவ்வளவு வலியுறுத்துபவர் அதையும் சொல்லியிருக்க வேண்டும். அச்சிட்டுத் தரும் தாள்களிலும் நெடில் குறில் வேறுபாடு பல இடங்களில் தவறியிருக்கிறது.

தமிழ் 'எலி', கன்னட 'இலி', தெலுங்கு 'எலுக' ஆகியவை இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேராதவை என்று வகுப்பு நிறைவுறுகிறது. தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்பதை ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் 1816இல் சென்னையிலிருந்தே எடுத்துரைத்தார் என்பதை ஆசிரியர் பெருமிதத்துடன் சொன்னார். அதற்கென்றே ஒரு முழு வகுப்பு ஒதுக்கலாம். கட்டணம் குறைவு, இடமும் குறைவு. ஒன்பதாம் வகுப்பு மாணவர்களும் தடையின்றிப் பின்தொடரலாம்.