ஒரு நெட்வொர்க் கார்டு டிரைவர்: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுடன் சேர்ந்தே வரும், நெட்வொர்க் கார்டை இயக்கும் இந்த டிரைவரை ஆறு மாதங்களாக ஒரு கோப்பு சர்வரில் பயன்படுத்தி வருகிறேன்; வேகத்தில் குறையில்லை, நம்பகத்தன்மையில்தான் எனக்கு மனத்தாங்கல்.

பாக்கெட் (நெட்வொர்க்கில் வரும் தரவுத் துண்டு) வரும்போதெல்லாம் பிராசஸரைத் தட்டி எழுப்பாமல், முதல் இன்டரப்ட் (கார்டு பிராசஸருக்கு அனுப்பும் அழைப்பு) வந்தவுடன் அதை அணைத்துவிட்டு, ஒரு சுற்றுக்கு 64 பாக்கெட்டுகள் வரை தானே எடுத்துக்கொண்டு, வரிசை காலியான பிறகே இன்டரப்டை மீண்டும் இயக்கும் நாப்பி முறையை இது ஒழுங்காகக் கையாள்கிறது. ஆனாலும் நள்ளிரவு பேக்கப்பின்போது, கார்டின் நிலையைப் பார்க்கும் கருவியான ஈத்டூல் காட்டும் புள்ளிவிவரத்தில் தவறவிட்ட பாக்கெட்டுகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. வந்த பாக்கெட்டுகள் எடுக்கப்படும்வரை காத்திருக்கும் வரிசையான ரிசீவ் ரிங்கை 256இலிருந்து 2048ஆக உயர்த்தியதும் அது அப்படியே நின்றது. (ரிங்கைக் கண்டபடி பெரிதாக்கினால் நினைவகமும் செலவாகும், தாமதமும் கூடக்கூடும்.)

குறை வேறிடத்தில் இருக்கிறது. பாக்கெட்டுகளை வெளியே அனுப்பும் வரிசை இருமுறை உறைந்துபோனது. கெர்னலின் கண்காணிப்பு டைமர் அதைக் கண்டுபிடித்து டிரைவரிடம் சொல்ல, அது கார்டை ரீசெட் செய்து சில நொடிகளில் இணைப்பை மீட்டது. மீட்டது சரி, நான் அமைத்த ரிங் அளவை ஏன் சத்தமில்லாமல் 256க்கே திருப்பியது? கெர்னலின் பதிவுகளைக் காட்டும் டிமெசெக்கில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இது திருத்தப்படும்வரை, பளு மிகுந்த சர்வருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.